வாஷிங்டன்: ஊரும் பேரும்

2021 ஜனவரி மாதம். தில்லியில் எலும்பைத் துளைக்கும் குளிர். நானும் என் பேரனும் ஒரே ரஜாயில் சுருண்டுகொண்டு, ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் நடந்த டெஸ்ட் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தோம். நம் அணியில் பாதிப் பேருக்குக் காயம். வேறு ஆளில்லாமல் இறக்கிவிடப்பட்ட சென்னை இளைஞர் ஒருவர், தாம் ஆடிய முதல் டெஸ்டிலேயே 62 ஓட்டங்கள் எடுத்து அணியைத் தூக்கி நிறுத்தினார். வாஷிங்டன் சுந்தர்.

பேரன் கேட்டான்: "தாத்தா, இவர் அமெரிக்காவா?"

"இல்லப்பா, நம்ம சென்னை."

"அப்புறம் எப்படி வாஷிங்டன்னு பேரு? அவருக்கு மட்டும் ஸ்டைலா வாஷிங்டன். எனக்கு மட்டும் பட்டி!"

இந்தக் கடைசி வார்த்தைக்கு விளக்கம் சொல்லியாக வேண்டும். என் பெயரின் முதல் எழுத்து 'பு'. எங்கள் ஊர் புதுப்பட்டி. அந்தப் பெயரில் தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்கள். அவற்றில் ஒன்று எங்களுடையது. என் மகனைத் தில்லியில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது, விண்ணப்பத்தில் 'சர்நேம்' என்று ஒரு கட்டம் இருந்தது. "நமக்கெல்லாம் அது கிடையாதுங்க" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொல்லிப் பார்த்தேன். எழுத்தர் விடவில்லை. "உங்க பேருக்கு முன்னாடி இருக்கிற எழுத்துக்கு என்ன அர்த்தம்?" என்றார். சொன்னேன். எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து என் மகனுக்கும், அவன் வழியாக என் பேரனுக்கும் 'புதுப்பட்டி' குடும்பப் பெயராகிவிட்டது. இந்தியில் 'பட்டி' என்றால் காயத்துக்குக் கட்டும் துணி. வகுப்பில் மற்றப் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா?

தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நம்மில் பலருக்கும் இதுபோல் ஒரு கதை இருக்கும். அன்று பேரனுக்கு அரைகுறையாகச் சொன்ன பதிலை, பிறகு படித்துத் தெரிந்துகொண்ட செய்திகளையும் சேர்த்து, இம்மலரின் வாசகர்களுக்கு முறையாகச் சொல்லலாம் என்று தோன்றியது. வாஷிங்டன் என்ற பெயர் எங்கே பிறந்தது, யார் யார் கைக்குப் போனது, இன்று யாருடையது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

வேலிக்குள் ஒரு பண்ணை

வாஷிங்டன் என்றதும் அமெரிக்கத் தலைநகரும் அந்நாட்டின் முதல் குடியரசுத் தலைவரும்தான் நம் நினைவுக்கு வருவார்கள். ஆனால் பெயர் அமெரிக்கப் பெயரன்று; அசல் இங்கிலாந்துக் கிராமத்துப் பெயர். அந்நாட்டின் வடகிழக்கில், பழைய டர்ஹாம் மாவட்டத்தில் இருக்கிறது அந்த ஊர். இன்று அது சண்டர்லாந்து மாநகராட்சிப் பகுதியைச் சேர்ந்தது. தெற்கே, சஸ்ஸெக்ஸ் பகுதியிலும் வாஷிங்டன் என்று இன்னொரு சிற்றூர் உண்டு.

பெயரைப் பிரித்துப் பார்த்தால் மூன்று துண்டுகள். முதல் துண்டு ஓர் ஆளின் பெயர். ஹ்வாஸா அல்லது அதையொத்த ஒலியுடைய பெயர் என்று ஊர்ப்பெயர் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆங்கிலோ சாக்ஸன் காலத்து நிலக்காரர் யாரோ. அவரைப் பற்றி வேறெந்தத் தகவலும் எஞ்சவில்லை. நடுவிலுள்ள 'இங்' என்பது அவரைச் சார்ந்தது, அவர் வழியினருடையது என்று உறவைக் காட்டும் சொல். கடைசியில் வரும் 'டன்' என்பதுதான் நமக்கு முக்கியம்.

பழைய ஆங்கிலத்தில் 'தூன்' என்று ஒரு சொல். முதலில் அதற்கு வேலி அடைத்த இடம் என்று பொருள். ஜெர்மன் மொழியில் இதற்கு உறவான 'ட்ஸௌன்' என்ற சொல்லுக்கு இன்றும் வேலி என்பதுதான் அர்த்தம். வேலி அடைத்த இடம் காலப்போக்கில் பண்ணையாகி, பண்ணை குடியிருப்பாகி, குடியிருப்பு ஊராகிவிட்டது. இன்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோமே 'டவுன்', அதுவும் இதே சொல்லின் வளர்ச்சிதான்.

ஆக, வாஷிங்டன் என்றால் 'ஹ்வாஸாவின் ஆட்களுடைய வேலியடைத்த பண்ணை'. அவ்வளவுதான் விஷயம்!

இப்போது நம் 'பட்டி'க்கு வருவோம். ஆட்டுப்பட்டி, மாட்டுப்பட்டி என்கிறோம். ஆடுமாடுகளை இரவில் அடைத்துவைக்க வேலி கட்டிய இடம் அது. அதுவே பின்னர் சிற்றூருக்குப் பெயராயிற்று. ஆங்கிலேயரின் 'தூன்' நடந்த அதே பாதையில்தான் நம் 'பட்டி'யும் நடந்திருக்கிறது. இரண்டு மொழிகளுக்கும் உறவு கிடையாது. ஆனாலும் ஆடுமாடு வளர்த்தவன், நிலத்தைத் திருத்தியவன் எங்கேயும் முதலில் கட்டியது வேலி. அந்த வேலியே ஊருக்குப் பெயர் தந்தது.

இந்த 'டன்'னில் முடியும் ஊர்கள் இங்கிலாந்தில் ஏராளம். வடக்கே இருந்த பட்டி நார்ட்டன், தெற்கே இருந்த பட்டி சட்டன், மேற்கே இருந்தது வெஸ்டன், அரசனுக்கு உரியது கிங்ஸ்டன். நீலகிரியில் குன்னூருக்குப் பக்கத்திலுள்ள வெலிங்டனை நம் வாசகர்கள் பலர் பார்த்திருப்பார்கள். அது வெலிங்டன் பிரபுவின் பெயரால் வந்தது. அவருக்கு அந்தப் பட்டம் இங்கிலாந்தின் சோமர்செட் பகுதியிலுள்ள ஓர் ஊரின் பெயரால் வந்தது. அதன் வாலிலும் அதே வேலிதான்.

புதிதாக அமைந்த பண்ணைக்கு என்ன பெயர் வைப்பார்கள்? 'நியூ' என்றால் புதிது. 'டன்' என்றால் பட்டி. நியூட்டன்! இங்கிலாந்தில் மிகுதியாகக் காணப்படும் ஊர்ப்பெயர்களுள் இதுவும் ஒன்று. ஐசக் நியூட்டன் பெயரைத் தமிழில் சொல்லவேண்டுமானால் ஐசக் புதுப்பட்டி என்றுதான் சொல்லவேண்டும். இதை நான் சொன்னதும் பேரன் ரஜாயை உதறிவிட்டு எழுந்து உட்கார்ந்தான்.

வாஷிங்டன் கிழார்

ஊர்ப்பெயர் எப்படி ஆட்பெயர் ஆயிற்று?

1066-இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றினார்கள். அதற்கு முன் அந்நாட்டு மக்களுக்குப் பரம்பரைக் குடும்பப் பெயர் என்ற வழக்கம் இல்லை. ஒரே பெயர்தான், மிஞ்சிப் போனால் ஒரு பட்டப்பெயர். நார்மானிய நிலக்கிழார்கள்தாம் தங்கள் நிலத்தின் பெயரைத் தங்கள் பெயரோடு சேர்த்துக்கொள்ளும் பழக்கத்தைப் பரப்பினார்கள். 'இன்ன ஊருக்குரிய இன்னார்' என்பது அதன் பொருள்.

நமக்கு இது புதிதா என்ன? கோவூர் கிழார், ஆலத்தூர் கிழார், அரிசில் கிழார் என்று சங்கப் புலவர்களை நாம் அறிவோம். கிழார் என்றால் உரிமையுடையவர். சோழர் கல்வெட்டுகளிலும் ஊர்ப்பெயரோடு 'உடையான்', 'கிழவன்' என்று சேர்த்து எத்தனையோ பேர் குறிக்கப்படுகிறார்கள். ஆளைச் சொல்வதற்கு நிலத்தைச் சொல்வது இரண்டு நாட்டிலும் இருந்த வழக்கம்.

டர்ஹாம் பிஷப்பின் ஆணைப்படி 1183-இல் அவருடைய நிலங்களைக் கணக்கெடுத்து எழுதிய ஏடு ஒன்று உண்டு. 'போல்டன் புத்தகம்' என்று அதற்குப் பெயர். அதில் வில்லியம் என்பவரைப் பற்றி ஒரு குறிப்பு வருகிறது. அவர் முன்பு ஹெர்ட்பர்ன் என்ற ஊரை வைத்திருந்தவர். அதைப் பிஷப்பிடம் விட்டுக்கொடுத்து, அதற்கு மாற்றாக வாஷிங்டனை வாங்கிக்கொண்டார். வருடத்துக்கு 4 பவுண்டு கட்டவேண்டும்; பிஷப் வேட்டைக்குப் போகும்போது நான்கு வேட்டைநாய்களோடு வந்து நிற்கவேண்டும். நிலம் மாறியதும் அவர் குடும்பத்தின் பெயரும் மாறியது. ஹெர்ட்பர்ன் கிழார் வாஷிங்டன் கிழார் ஆகிவிட்டார்.

வாசகர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ஒரு குலப்பெயர் இரத்தத்தால் வந்ததன்று. ஒரு நிலப் பரிமாற்றத்தால் வந்தது. வில்லியம் பழைய ஊரிலேயே இருந்திருந்தால் அமெரிக்கத் தலைநகரின் பெயர் இன்று வேறாக இருந்திருக்கும்.

ஊரை விட்டவனுக்கே ஊர் பேராகும்

நிலக்கிழார்கள் சங்கதி இப்படி. சாதாரண மக்களுக்கு ஊர்ப்பெயர் எப்படி வந்தது? இதற்கு ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கம் நம்மைப் போன்ற வெளிமாநிலத் தமிழர்களுக்கு நன்றாகவே புரியும்.

ஊருக்குள் இருப்பவனை யாரும் ஊர்ப்பெயரால் அழைப்பதில்லை. மதுரையில் போய் "மதுரைக்காரர் எங்கே?" என்று கேட்டால் சிரிப்பார்கள். தில்லி கரோல்பாக்கிலோ மும்பை மாட்டுங்காவிலோ கேட்டுப் பாருங்கள், "அவரா? மூணாவது மாடி" என்று கை காட்டுவார்கள். இங்கிலாந்திலும் அப்படித்தான். நார்ட்டனிலிருந்து பிழைக்க வந்தவன் அடுத்த ஊரில் 'நார்ட்டன்காரன்' ஆனான். அவன் மகனுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. பதினான்காம் நூற்றாண்டு முடிவதற்குள் இங்கிலாந்தில் பெரும்பாலோருக்கு இவ்வாறு பரம்பரைப் பெயர் நிலைத்துவிட்டது. சிலருக்குத் தொழிலால், சிலருக்குத் தந்தை பெயரால், சிலருக்கு விட்டு வந்த ஊரால்.

வாஷிங்டன் குடும்பமும் ஊரில் தங்கவில்லை. ஒரு கிளை மேற்கே வெஸ்ட்மோர்லாந்து, லங்காஷயர் பக்கம் போயிற்று. அங்கிருந்து லாரன்ஸ் வாஷிங்டன் என்பவர் தெற்கே நார்தாம்ப்டனுக்கு வந்து கம்பளி வியாபாரத்தில் பணம் சேர்த்தார். நகரின் மேயரும் ஆனார். எட்டாம் ஹென்றி மன்னர் கிறித்தவ மடங்களின் சொத்துகளைப் பறித்து விற்றபோது, 1539-இல் சல்கிரேவ் என்ற ஊரின் நிலத்தை வாங்கி அங்கே மாளிகை கட்டினார். குடும்பச் சின்னம் இரண்டு பட்டைகளும் மூன்று நட்சத்திரங்களும். அமெரிக்கத் தலைநகரின் கொடியில் 1938 முதல் இருப்பது இந்தச் சின்னம்தான்.

சல்கிரேவ் வளமும் நிலைக்கவில்லை. அந்த வழியில் வந்த இன்னொரு லாரன்ஸ் பாதிரியாராக இருந்தார். இங்கிலாந்து உள்நாட்டுப் போரின்போது, 1643-இல், அரசர் பக்கம் சாய்ந்தவர், சாராயக்கடைக்கு அடிக்கடி போகிறவர் என்றெல்லாம் குற்றம் சாட்டி அவருடைய பதவியைப் பறித்துவிட்டார்கள். அவருடைய மகன் ஜான், புகையிலை ஏற்றப் போன கப்பலில் வேலைக்குச் சேர்ந்து 1656-இல் வர்ஜீனியாவுக்குப் புறப்பட்டார். கப்பல் பொட்டோமக் ஆற்றில் தரைதட்டியது. ஜான் திரும்பிப் போகவில்லை. அங்கேயே மணம் புரிந்துகொண்டு தோட்டக்காரராகத் தங்கிவிட்டார்.

அந்த ஜானின் கொள்ளுப்பேரன்தான் 1732-இல் பிறந்த ஜார்ஜ் வாஷிங்டன். அவர் குடியரசுத் தலைவராக இருந்தபோது, இங்கிலாந்தில் குலமரபுகளைப் பதிவுசெய்யும் உயர் அதிகாரி ஒருவர் அவருடைய வம்சாவளியைக் கேட்டு எழுதினார். 1792-இல் ஜார்ஜ் எழுதிய பதிலின் சாரம் இது: இந்த விஷயத்தில் நான் அதிகம் கவனம் செலுத்தியதில்லை, முன்னோர் இங்கிலாந்தின் வடபகுதியிலிருந்து வந்தவர்கள் என்று கேள்வி. வாஷிங்டன் என்ற ஊரின் பேச்சே அதில் இல்லை! நூறு வருடத்துக்கு மேல் கழிந்தபின் ஊர் மறந்துவிட்டது. பெயர் மட்டும் மிஞ்சியது.

மறுபடியும் ஊராகிறது

மனிதனிடம் வந்த ஊர்ப்பெயர் மறுபடியும் ஊருக்கே திரும்பிய கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். புதிய தலைநகருக்கு 1791-இல் வாஷிங்டன் என்று பெயரிட்டார்கள். பிறகு மாவட்டங்கள், சிற்றூர்கள், தெருக்கள் என்று கணக்கில்லாமல் பெருகியது. 1853-இல் மேற்குக் கடற்கரையில் புதிய ஆட்சிப் பகுதி ஒன்றை உண்டாக்கியபோது முதலில் கொலம்பியா என்று பெயரிடுவதாக இருந்தது. தலைநகரம் இருப்பது கொலம்பியா மாவட்டத்தில் ஆயிற்றே, குழப்பம் வரும் என்று யோசித்தார்கள். குழப்பத்தைத் தவிர்க்க வாஷிங்டன் என்று மாற்றினார்கள்! அப்பகுதி 1889-இல் மாநிலமானது. இன்றுவரை "எந்த வாஷிங்டன்?" என்று கேட்காமல் தீராது.

மூல ஊர் என்னவாயிற்று? அது நிலக்கரிச் சுரங்க ஊராகிவிட்டது. கிழார் குடும்பம் வாழ்ந்த இடத்தில் பிற்காலத்தில் எழுந்த பழைய மாளிகையில் ஏழைத் தொழிலாளர் குடும்பங்கள் பல நெருக்கியடித்துக் குடியிருந்தன. 1930-களில் அது மனிதர் வாழத் தகுதியற்றது என்று முடிவாகி, இடிக்கப்படும் நிலைக்கு வந்தது. உள்ளூர்க்காரர்கள் சிலர் முயன்று காப்பாற்றினார்கள். 1955-இல் அமெரிக்கத் தூதர் வந்து புதுப்பித்த மாளிகையைத் திறந்துவைத்தார். 1977-இல் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டரே வந்து பார்த்தார். ஊரை மறந்துபோன பெயர், ஏறத்தாழ எண்ணூறு வருடம் கழித்து ஊரைக் காப்பாற்றியிருக்கிறது.

முதலாளியின் பெயரா?

இதுவரை சொன்னது வெற்றிக் கதை. ஆனால் பெயரின் பாதி வரலாறுதான் இது. மறுபாதியைச் சொல்லாவிட்டால் கட்டுரை பொய்யாகிவிடும்.

ஜார்ஜ் வாஷிங்டன் 1799 டிசம்பர் 14 அன்று காலமானார். அந்த ஆண்டு அவருடைய மவுண்ட் வெர்னான் பண்ணையில் 317 அடிமைகள் இருந்தார்கள். அவர்களில் 123 பேர் அவருக்கே சொந்தம். மற்றவர்களில் பெரும்பாலோர் மனைவி மார்த்தாவின் முதல் கணவர் குடும்பச் சொத்தைச் சேர்ந்தவர்கள். மீதிப் பேர் வாடகைக்கு அமர்த்தப்பட்டவர்கள். தமக்குச் சொந்தமானவர்களை மனைவியின் காலத்துக்குப் பின் விடுதலை செய்யவேண்டும் என்று அவர் உயில் எழுதியிருந்தார். மார்த்தா 1801 ஜனவரி முதல் நாளிலேயே அவர்களை விடுவித்தார். முதல் கணவர் குடும்பத்துக்குரியவர்கள் மீளவில்லை. மார்த்தாவின் மறைவுக்குப் பின் அக்குடும்ப வாரிசுகளுக்குப் பங்கு பிரிக்கப்பட்டார்கள். கணவன் ஒரு கணக்கிலும் மனைவி மக்கள் இன்னொரு கணக்கிலும் இருந்த குடும்பங்கள் சிதறின. ஜார்ஜுக்குச் சொந்தப் பிள்ளைகள் கிடையாது. எனவே அவர் வழியில் நேராக அந்தப் பெயரைத் தாங்க யாருமில்லை.

அடிமைகளுக்குச் சட்டப்படி குடும்பப் பெயர் கிடையாது. முதலாளியின் கணக்கேட்டில் பொதுவாக ஒற்றைப் பெயர்தான்: ஹாரி, நான்சி, டாம். ஆனால் தங்களுக்குள் அவர்கள் குடும்பப் பெயர்களை வைத்துப் புழங்கினார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் காட்டியிருக்கிறார்கள்.

அந்த ஹாரிகளில் ஒருவரை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் ஆப்பிரிக்காவில், காம்பியா பகுதியில் பிறந்தவர். 1763-இல் ஜார்ஜ் வாஷிங்டனால் வாங்கப்பட்டார். 1771-இல் தப்பி ஓடிப் பிடிபட்டார். அமெரிக்கர்கள் சுதந்திரம் கேட்டுப் போரிட்ட 1776-ஆம் ஆண்டில், அவர் தம் சுதந்திரத்துக்காக மறுபடியும் ஓடினார். தம் பக்கம் வரும் அடிமைகளுக்கு விடுதலை என்று அறிவித்திருந்த ஆங்கிலேயர் பக்கம் போனார். 1783-இல் நியூயார்க்கிலிருந்து ஆங்கிலேயக் கப்பலில் கனடாவின் நோவாஸ்கோஷியாவுக்குப் புறப்பட்டபோது, பயணிகள் பதிவேட்டில் அவர் பெயர் ஹாரி வாஷிங்டன் என்று ஏறியது. வயது 43. பக்கத்தில், முன்பு ஜெனரல் வாஷிங்டனின் உடைமை என்ற குறிப்பு.

கதை அங்கே முடியவில்லை. 1792-இல் அவர் மேற்கு ஆப்பிரிக்காவின் சியெரா லியோனில் குடியேறினார். அங்கே குடியேற்றத்தை நடத்திய ஆங்கிலேய நிறுவனம் நிலத்துக்கு வரி கேட்டது. 1800-இல் குடியேறியவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். ஹாரியும் சேர்ந்து விசாரிக்கப்பட்டு நாடு கடத்தப்பட்டார். ஆங்கிலேயரின் வரியை எதிர்த்த வாஷிங்டன்கள் இருவர். ஒருவருக்குத் தலைநகரம், இன்னொருவருக்கு நாடுகடத்தல். பெயர் மட்டும் ஒன்று.

பள்ளிக்கூடத்தில் ஒரு சிறுவன்

அமெரிக்காவில் அடிமை முறை 1865-இல் சட்டப்படி ஒழிந்தது. நாற்பது லட்சம் பேர் அளவில் விடுதலை பெற்றார்கள். கூலி ஒப்பந்தம், திருமணப் பதிவு, பள்ளிச் சேர்க்கை என்று எங்கே போனாலும் இரண்டாவது பெயர் கேட்டார்கள். கடைசியாக வைத்திருந்த முதலாளியின் பெயரை எல்லாரும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள் என்று பொதுவாகச் சொல்வதுண்டு. அது முழு உண்மையன்று. தங்களுக்குள் காத்து வந்த பெயரை வெளியே எடுத்தவர்கள் உண்டு. புதிதாகத் தேர்ந்துகொண்டவர்களும் உண்டு.

அவ்வாறு தேர்ந்துகொண்டவர்களில் ஒரு சிறுவன். 1856-இல் வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவன், பெயர் புக்கர். விடுதலைக்குப் பின் குடும்பம் மேற்கு வர்ஜீனியாவில் உப்புக் காய்ச்சும் ஊருக்குப் போனது. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் பெயர்ப் பட்டியல் படித்தபோது மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் இரண்டு பெயர், சிலருக்கு மூன்று. இவனுக்கு ஒன்றுதான். தன் முறை வருவதற்குள் யோசித்துவிட்டான். ஆசிரியர் கேட்டதும், பிறந்ததிலிருந்தே அதுதான் பெயர் என்பதுபோல நிதானமாக 'புக்கர் வாஷிங்டன்' என்றான். வளர்ப்புத் தந்தையின் முதற்பெயர் வாஷிங்டன். பிறந்தபோதே தாய் தனக்கு 'டாலிவர்' என்ற பெயரையும் வைத்திருந்தார் என்பது அவனுக்குப் பின்னர்தான் தெரிந்தது. அதையும் நடுவில் சேர்த்துக்கொண்டான். 1901-இல் வெளியான தன்வரலாற்றில் இதையெல்லாம் அவரே எழுதியிருக்கிறார். 1881-இல் டஸ்கிகீ கல்வி நிலையத்தின் முதல் தலைவராகி, கறுப்பின மக்களின் கல்விக்காக உழைத்த புக்கர் டி. வாஷிங்டன் அவர்தான்.

பள்ளிக்கூடம், விண்ணப்பக் கட்டம், இரண்டாவது பெயர். எனக்கு என் மகனின் எழுத்தர் நினைவுதான் வந்தது. ஒரு வித்தியாசம். என் மகனுக்குப் பெயரை எழுத்தர் எழுதினார். புக்கருக்குப் புக்கரே எழுதிக்கொண்டார்.

இனி ஒரு புள்ளிவிவரம். 2000-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வாஷிங்டன் என்ற குடும்பப் பெயருடையவர்கள் 1,63,036 பேர். அவர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் கறுப்பின மக்கள். 2010 கணக்கெடுப்பிலும் கிட்டத்தட்ட இதே நிலைதான். 1983-இல் சிகாகோவின் முதல் கறுப்பின மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஹெரால்டு வாஷிங்டன், நடிகர் டென்சல் வாஷிங்டன் என்று நாம் கேள்விப்பட்ட வாஷிங்டன்களும் அவ்வினத்தவர்தாம். டர்ஹாமில் நிலத்தை மாற்றிக்கொண்டவரின் பெயர், வர்ஜீனியாவில் நிலத்தில் அடைபட்டுக் கிடந்தவர்களின் பேரப்பிள்ளைகளிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

இது அடிமைத்தனத்தின் தழும்பா, விடுதலையின் அடையாளமா? அவர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. பழைய பெயர் முதலாளி வைத்தது என்று சொல்லி மால்கம் அதை உதறிவிட்டு வெறும் 'எக்ஸ்' என்று எழுதினார்; காசியஸ் கிளே 1964-இல் முகமது அலி ஆனார். வேறு பலர் அதே பெயரை வைத்துக்கொண்டு அதற்குத் தங்கள் உழைப்பால் புதுப் பொருள் கொடுத்தார்கள். இரண்டிலும் நியாயம் உண்டு. இரண்டிலும் முடிவெடுத்தவர் பெயரைச் சுமந்தவர் என்பதுதான் கவனிக்கவேண்டிய சங்கதி.

சென்னைக்கு வந்த பெயர்

சரி, பேரனின் முதல் கேள்விக்கு வருவோம். சென்னைப் பையனுக்கு எப்படி இந்தப் பெயர்?

அவருடைய தந்தை சுந்தரும் கிரிக்கெட் ஆடியவர், வசதியில்லாத குடும்பம். அவர் வீட்டுக்கு அருகே ஓய்வுபெற்ற ராணுவத்தினர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் வாஷிங்டன். கிரிக்கெட் பிரியரான அவர், சுந்தருக்குப் பள்ளிக் கட்டணம் கட்டி, புத்தகமும் சீருடையும் வாங்கித்தந்து ஆதரித்தார். 1999-இல் அவர் மறைந்தார். அதே ஆண்டு அக்டோபர் 5 அன்று சுந்தருக்கு மகன் பிறந்தான். நன்றி மறவாத தந்தை அப்பெரியவரின் பெயரையே மகனுக்கு வைத்தார். இதைச் சுந்தரே பத்திரிகைகளுக்குச் சொல்லியிருக்கிறார்.

இரத்தம் இல்லை, நிலம் இல்லை, சாதி இல்லை, மதமும் வேறு. இருந்தும் பெயர் போய்ச் சேர்ந்தது. அந்தப் பெயரின் எண்ணூறு வருடப் பயணத்தில் இதைவிட நல்ல காரணத்துக்காக அது கை மாறியதாக எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் பாருங்கள். ஆங்கில வழக்கில் கடைசியில் நிற்கும் வாஷிங்டன் இங்கே முதலில் நிற்கிறது. தந்தையின் பெயர் பின்னால் வருகிறது. நம்முடைய பெயர் முறை எப்போதும் இப்படி வளைந்து கொடுப்பதுதான். எம். எஸ். என்றால் மதுரை சண்முகவடிவு: ஒன்று ஊர், மற்றொன்று தாய். அந்த இரண்டு எழுத்தில் ஒரு வாழ்க்கையே அடங்கவில்லையா?

புதுப்பட்டி

பேரன் இப்போது ஒன்பதாம் வகுப்பு. போர்டு தேர்வுக்கான பதிவில் பெயரை எப்படி எழுதுகிறோமோ அதுதான் பின்னால் சான்றிதழில் வரும். மாற்றவேண்டுமானால் இதுதான் சமயம். "அந்தப் பட்டியை எடுத்துடலாம்பா, பையன் சங்கடப்படறான்" என்று என் மகன் போன மாதம் சொன்னான். எனக்குள் சுருக்கென்றது. ஆனால் மறுத்துச் சொல்ல எனக்கு என்ன உரிமை? அந்தப் பெயரைக் கொடுத்தவன் நானில்லை. ஒரு பள்ளிக்கூட எழுத்தர். அவன் அந்த ஊரைப் பார்த்ததும் இல்லை. அங்கே எங்களுக்கு இப்போது வீடும் இல்லை, நிலமும் இல்லை.

ஆனாலும் இந்த ஆராய்ச்சியில் ஒன்று எனக்குத் தெளிந்தது. ஊரிலேயே இருந்திருந்தால் எங்கள் வீட்டில் யாருக்கும் 'புதுப்பட்டி' பெயராகியிருக்காது. விட்டு வந்ததால்தான் அது கூட வந்தது. விட்டு வந்தவர்கள் மறந்துவிட்டாலும் பெயர் மறப்பதில்லை. ஆடு அடைக்கக் கட்டிய வேலி ஒன்று, எங்கோ தில்லியில் ஒரு சிறுவனின் பெயருக்குப் பின்னால் நின்றுகொண்டிருக்கிறது.

இதையெல்லாம் மகனிடம் சொல்லிவிட்டு, "முடிவு அவனோடது. அவனையே கேளு" என்றேன்.

பேரன் யோசித்தான். "தாத்தா, நம்ம ஊர்ல இப்பவும் ஆட்டுப்பட்டி இருக்கா?" என்று கேட்டான்.

"இருக்கும்டா. போய்ப் பார்த்தாத்தான் தெரியும்."

"அப்போ பார்த்துட்டுச் சொல்றேன்" என்றான்.

பதிவுக்கு இன்னும் நாள் இருக்கிறது. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் மூன்று பேருக்கு டிக்கெட் எடுத்திருக்கிறோம்.